பால் குடிக்கையில் வியர்க்கும் குழந்தை

கூட்டுறவுச் சங்கங்களின் மாத இதழில் இருதயத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று உறுப்பினர்களுள் சிலர் வினவக்கூடும். நூல் விலை, நெசவுக் கூலி, காப்பிக் கொட்டையின் ஈரம், மிளகின் சந்தை நிலவரம் ஆகியவையே இந்தப் பக்கங்களுக்கு உரியவை என்பது உண்மைதான். ஆயினும், சங்கங்களின் கடன் பேரேடுகளைப் பார்வையிடும் பணியில் உள்ள நாம் ஒன்றைப் பலமுறை கண்டிருக்கிறோம். ஒரு குடும்பம் தவணை தவறுவதற்குப் பயிர் நட்டமும், தறி நின்றுபோவதும் மட்டுமே காரணங்கள் அல்ல. வீட்டில் ஒரு குழந்தை நோயுற்றால், அந்த ஆண்டின் வரவு செலவு முழுவதும் தலைகீழாகிவிடுகிறது. அந்நோய் இன்னதென்று அறியாமல் காலம் கடத்தினால் குழந்தையும் இழப்பு, பொருளும் இழப்பு.

அத்தகைய நோய்களுள் ஒன்று பிறவி இருதயக் குறை. உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஏறக்குறைய எட்டு அல்லது ஒன்பது குழந்தைகள் இருதயத்தில் ஏதேனும் ஒரு குறையுடன் பிறக்கின்றன. இந்தியாவில் ஆண்டொன்றுக்கு இரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட குழந்தைகள் இவ்வாறு பிறப்பதாக மருத்துவர்கள் மதிப்பிடுகிறார்கள். அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினருக்கு முதல் வயது நிறைவதற்குள்ளேயே சிகிச்சை தேவைப்படுகிறது. சேலத்து நெசவாளர் வீட்டுக் குழந்தைக்கும் சேர்வராயன் மலை விவசாயி வீட்டுக் குழந்தைக்கும் இது பொருந்தும். ஆகவே, இதனை அறிந்துகொள்வது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.

இருதயம் செய்யும் வேலை

இருதயம் ஒரு தசைப் பை. அதில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு அறைகள் உள்ளன. உடலெங்கும் சுற்றிப் பிராணவாயுவை இழந்து திரும்பும் இரத்தம் வலப்பக்கத்து அறைகளை அடைகிறது. அங்கிருந்து நுரையீரலுக்குத் தள்ளப்படுகிறது. நுரையீரலில் பிராணவாயுவைப் பெற்ற செந்நிற இரத்தம் இடப்பக்கத்து அறைகளுக்கு வருகிறது. அங்கிருந்து உடல் முழுவதற்கும் பாய்கிறது. இரு பக்கத்து இரத்தமும் ஒன்றோடொன்று கலவாதிருக்க நடுவே ஒரு சுவர் உண்டு. பாசன வாய்க்காலுக்கும் வடிகாலுக்கும் நடுவே வலுவான கரை இருப்பதைப் போன்றது இது. கரையில் உடைப்பு ஏற்பட்டால் என்ன நேரும் என்பதை விவசாயிக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

கருவில் இருக்கும் குழந்தையின் நிலை வேறு. அது நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய பிராணவாயு தாயிடமிருந்து நஞ்சுக்கொடியின் வழியாக வருகிறது. ஆகவே நுரையீரலுக்குப் போகாமலே இரத்தம் சுற்றிவர இயற்கை இரண்டு குறுக்கு வழிகளை அமைத்திருக்கிறது. ஒன்று, மேலறைகளுக்கு இடையே உள்ள ஒரு சிறு திறப்பு. மற்றொன்று, நுரையீரலுக்குச் செல்லும் பெருங்குழாயையும் உடலுக்குச் செல்லும் பெருங்குழாயையும் இணைக்கும் ஒரு குறுங்குழாய். குழந்தை பிறந்து முதல் அழுகை அழுதவுடன் நுரையீரல் விரிகிறது; இக்குறுக்கு வழிகளின் தேவை முடிந்துவிடுகிறது. மேலறைத் திறப்பு ஒரு கதவைப்போல் சாத்திக்கொள்கிறது. குறுங்குழாய் இரண்டு மூன்று நாட்களில் சுருங்கி மூடிக்கொள்கிறது.

இந்த இருதயம் முழுவதும் உருவாவது கருவுற்ற மூன்றாம் வாரம் முதல் எட்டாம் வாரத்திற்குள். தான் கருவுற்றிருப்பதைத் தாய் உறுதியாக அறிவதற்கு முன்பே வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. பாவில் ஓர் இழை பிசகினால் துணி முழுவதும் அந்தக் கோடு ஓடுவதை நெசவாளர் அறிவார். அதுபோல அந்தச் சில வாரங்களில் நேரும் சிறு பிசகு பிறவிக் குறையாக நிலைத்துவிடுகிறது.

குறைகளின் வகைகள்

இவ்வகைக் குறைகள் பல. அவற்றை இரண்டு பிரிவாகக் கொள்ளலாம்.

முதற்பிரிவில் குழந்தையின் நிறம் மாறுவதில்லை. கீழறைகளுக்கு இடையே உள்ள சுவரில் துளை இருப்பது இவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது. மேலறைச் சுவரில் துளை இருப்பதும், மூடிக்கொள்ள வேண்டிய குறுங்குழாய் மூடாமலே இருந்துவிடுவதும் இப்பிரிவைச் சேர்ந்தவை. இடப்பக்கத்துச் செந்நிற இரத்தம் துளை வழியே வலப்பக்கம் பாய்ந்து, தேவைக்கு மேல் நுரையீரலில் நிறைகிறது. குழந்தைக்கு இளைப்பு உண்டாகிறது, அடிக்கடி நெஞ்சுச் சளி பிடிக்கிறது, எடை ஏறுவதில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெரிய துளையுடன் பிறந்த குழந்தையும் முதற்சில வாரங்களில் நலமாகவே தோன்றும். பிறந்த குழந்தையின் நுரையீரல் இரத்தக் குழாய்கள் சற்று இறுகியே இருப்பதால் மிகை இரத்தம் அங்கே எளிதில் புகாது. நாலு முதல் எட்டு வாரங்களில் அக்குழாய்கள் தளர்ந்ததும் இரத்தம் வெள்ளமாகப் பாயத் தொடங்குகிறது. "ஆஸ்பத்திரியில் பார்த்தபோது குழந்தை நன்றாக இருக்கிறது என்றுதானே சொன்னார்கள்" என்று பெற்றோர் மயங்குவது இதனால்தான்.

இரண்டாம் பிரிவில் குழந்தை நீலம் பாரிக்கும். பிராணவாயு குறைந்த இரத்தம் நுரையீரலுக்குச் செல்லாமலே உடலில் கலந்துவிடுவதே காரணம். பிரான்சு நாட்டு மார்செய் நகரின் டாக்டர் ஃபாலோ 1888-இல் விவரித்த நாற்குறை நோய் இவற்றுள் பெரிதும் அறியப்பட்டது. இக்குழந்தைகள் அழும்போது திடீரெனக் கருநீலமாகி மூச்சு வாங்கும். நடக்கும் வயதுக் குழந்தை சற்று ஓடியதும் குந்தி உட்கார்ந்துகொள்ளும்; அவ்வாறு குந்துவது அதற்கு ஆறுதல் தருகிறது. கைக்குழந்தை திடீரென நீலமானால், முழங்கால்களை அதன் மார்போடு சேர்த்து மடக்கி அணைத்தபடி உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இரு பெருங்குழாய்களும் இடம் மாறி அமைந்த குழந்தைகளோ பிறந்த சில நாட்களிலேயே ஆபத்தை அடைகின்றன. அவர்களுக்கு முதற்சில வாரங்களுக்குள் அறுவை தேவைப்படுகிறது.

துளை என்றவுடன் அஞ்சிவிட வேண்டியதில்லை. சிறு துளைகள் பல தாமாகவே மூடிக்கொள்கின்றன. டாக்டர் சொல்லும் காலங்களில் சென்று காட்டிவந்தால் போதும். ஆனால் பெரிய துளை அவ்வாறன்று. அதனை உரிய காலத்தில், பெரும்பாலும் முதலாண்டிலேயே, மூடியாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் மிகை இரத்தத்தின் அழுத்தத்தால் நுரையீரல் குழாய்கள் தடித்துக் கெட்டியாகிவிடும். அதன் பின்னர்த் துளையை மூடுவதே உயிருக்கு ஆபத்தாகும். விதைக்கும் பருவம் தவறினால் எவ்வளவு நல்ல விதையும் பயன்படாதது போலவே, இச்சிகிச்சைக்கும் பருவம் ஒன்று உண்டு.

மலையில் நேரும் மயக்கம்

ஏற்காடு கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் இங்கே நிலவும் குளிரை உறுப்பினர்கள் நன்கு அறிவார்கள். குழந்தை இருமினால் "மலைக்குளிர்" என்கிறோம். இளைத்தால் "மாந்தம்" என்கிறோம். எடை ஏறாவிட்டால் கண்ணேறு கழிக்கிறோம். நீலம் பாரித்தால் கம்பளியைப் போர்த்துகிறோம். இவற்றுக்கிடையே இருதயக் குறை மறைந்துகொள்கிறது.

ஆகவே, பெற்றோரும் பாட்டிமாரும் மனத்தில் இருத்த வேண்டிய அடையாளங்களை இங்கே வரிசைப்படுத்துகிறோம்.

முதலாவது, பால் குடிக்கும் விதம். கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதே பெரிய உழைப்பு. மலையேறும் மனிதனுக்கு மூச்சு வாங்குவதுபோல, இருதயம் வலுவிழந்த குழந்தைக்குப் பால் குடிக்கையில் மூச்சு வாங்கும். சிறிது உறிஞ்சும், விட்டுவிட்டு இளைக்கும், மீண்டும் உறிஞ்சும், வயிறு நிறையுமுன் களைத்து உறங்கிவிடும், சற்று நேரத்தில் பசியால் அழும். அப்போது நெற்றியிலும் தலையிலும் வியர்வை துளிர்க்கும். குளிர்ந்த மலைக்காற்றிலும் பால் குடிக்கும் குழந்தைக்கு வியர்க்குமாயின் அதனைச் சாதாரணமாக எண்ணிவிடலாகாது.

இரண்டாவது, மூச்சின் வேகம். குழந்தை அமைதியாக உறங்கும்போது அதன் மார்பும் வயிறும் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ம், இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50-ம், அல்லது அவற்றுக்கு மேலும் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும் அவ்வாறே.

மூன்றாவது, நிறம். குளிர்காலத்தில் பச்சிளங்குழந்தையின் உள்ளங்கையும் பாதமும் சற்று நீலமாகத் தோன்றுவது இயல்பே. கதகதப்பாக வைத்தால் மாறிவிடும். ஆனால் நாக்கும், உதட்டின் உட்புறமும், ஈறும் நீலமாக இருப்பது ஒருபோதும் இயல்பன்று. மாநிறக் குழந்தைகளின் தோலில் நீலம் எளிதில் தெரியாது. ஆகவே நாக்கையே பார்க்க வேண்டும். அதுவும் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

நான்காவது, எடை. அங்கன்வாடியில் வைத்துள்ள எடைப் பதிவில் மாதந்தோறும் கோடு மேலே ஏற வேண்டும். அது படுத்துவிட்டால் பால் போதவில்லை என்று தாயைக் குறை கூறுவதற்கு முன், குழந்தையின் நெஞ்சைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

மலைச் சிற்றூர் ஒன்றில் நாம் அறிந்த குடும்பம் ஒன்று. இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம். நிழல் தரும் சவுக்கு மரங்களில் மிளகுக் கொடி. மூன்றாவதாகப் பிறந்த ஆண் குழந்தை இரண்டாம் மாதம் முதல் இளைத்தது. "கண்ணு, இது மாந்தம், பத்து நாளில் சரியாகிவிடும்" என்று வீட்டு மூதாட்டி சொன்னதை எல்லோரும் நம்பினர். மூன்றாம் மாதத் தடுப்பூசிக்கு வந்த கிராம சுகாதாரச் செவிலியர் குழந்தையை எடை போட்டார். பால் குடிப்பதைச் சிறிது நேரம் பார்த்தார். அன்றே டாக்டரிடம் அனுப்பினார். சேலத்தில் ஒலியலைப் படம் எடுத்ததில் கீழறைச் சுவரில் பெரிய துளை இருப்பது தெரிந்தது. அறுவை செய்தாக வேண்டும் என்றார்கள்.

இருதய அறுவைக்கு லட்சக்கணக்கில் ஆகும் என்று தந்தை தாமே முடிவு செய்துகொண்டார். யாரிடமும் கேட்கவில்லை. காப்பி பறிப்பு முடியட்டும் என்று இரண்டு மாதங்கள் காத்திருந்தார். பிறகு, வரும் இரண்டு பருவத்து மிளகையும் வியாபாரி ஒருவரிடம் முன்விலைக்கு எழுதிக் கொடுத்துப் பணம் பெற்றார். மருத்துவமனைக்குச் சென்றதும் அவர்கள் முதலில் கேட்டது காப்பீட்டு அட்டையை. அட்டை வீட்டுப் பரணில் இருந்தது. அறுவைக்கு அவர் ஒரு காசும் கொடுக்க நேரவில்லை.

குழந்தை பிழைத்தது, இன்று அங்கன்வாடியில் மற்றப் பிள்ளைகளுடன் ஓடியாடுகிறது. அது பெரும்பேறு. ஆனால் அந்த இரண்டு மாதத் தாமதத்தில் குழந்தைக்கு இருமுறை நெஞ்சுச் சளிக் காய்ச்சல் வந்து உயிர் ஊசலாடியது. மிளகோ இரண்டு ஆண்டுகளுக்குச் சந்தை விலைக்குக் கீழே போயிற்று. சங்க அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டையும் தவிர்த்திருக்கலாம். நம்மவர்க்குத் தடையாக இருப்பது பணமின்மையைக் காட்டிலும் செய்தியின்மையே என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சிகிச்சை வளர்ந்த வரலாறு

நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இக்குழந்தைகளுக்குச் சிகிச்சை என்று ஒன்று இல்லை. 1938-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ராபர்ட் கிராஸ், மூடாத குறுங்குழாயை ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கட்டி மூடி வெற்றி கண்டார். 1944 நவம்பர் 29-இல் பால்டிமோர் நகரில், நீலம் பாரித்த 15 மாதப் பெண் குழந்தைக்கு, கைக்குச் செல்லும் இரத்தக் குழாயை நுரையீரல் குழாயுடன் இணைத்துத் தைத்தார்கள். அந்த யோசனையைத் தந்தவர் டாக்டர் ஹெலன் டாசிக் என்ற பெண்மணி. கத்தியைப் பிடித்தவர் டாக்டர் ஆல்ஃபிரட் பிளாலாக். அந்த நுண்ணிய தையலைச் சோதனைக் கூடத்தில் பழகி, அறுவையின்போது பிளாலாக்கின் பின்னே நின்று வழிகாட்டியவர் விவியன் தாமஸ். இவர் கல்லூரிப் படிப்பை முடிக்க இயலாத கறுப்பினத்தவர், முன்னர்த் தச்சுத் தொழில் செய்தவர். கைத்திறன் எத்தகைய உயரத்திற்குச் செல்லக்கூடும் என்பதற்கு அவர் வாழ்க்கை ஓர் எடுத்துக்காட்டு.

இருதயத்தைத் திறந்து உள்ளே தைப்பதற்கு, அதன் வேலையைச் சிறிது நேரம் வேறொன்று ஏற்க வேண்டும். 1953-இல் பிலடெல்பியா நகரின் டாக்டர் ஜான் கிப்பன், இயந்திரம் ஒன்றின் துணையால் மேலறைத் துளையை மூடினார். மறு ஆண்டு மினசோட்டாவில் டாக்டர் வால்ட்டன் லில்லஹை இயந்திரமின்றி வேறொரு வழி கண்டார். தந்தையையோ தாயையோ குழந்தையின் அருகே படுக்கவைத்து, இருவர் இரத்த ஓட்டத்தையும் குழாய்களால் இணைத்தார். குழந்தையின் இருதயம் திறந்திருந்த நேரமெல்லாம் பெற்றவரின் இருதயமும் நுரையீரலுமே இருவருக்குமாக உழைத்தன. இம்முறையில் 45 பேருக்கு அறுவை நடந்தது. 28 பேர் பிழைத்து வீடு திரும்பினர். ஒருவர் எல்லோருக்காகவும், எல்லோரும் ஒருவருக்காகவும் என்பது நம் இயக்கத்தின் கொள்கை. அக்கொள்கை உடலளவில் நிறைவேறிய காட்சி அது என்றே கூற வேண்டும்.

நம் மாநிலமும் பின்தங்கியிருக்கவில்லை. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ரீவ் பெட்ஸ் 1949-இல் நெஞ்சறுவைத் துறையைத் தொடங்கினார். 1960-களின் தொடக்கத்திலேயே அங்கே இருதயத்தைத் திறந்து செய்யும் அறுவை வெற்றியுடன் நடைபெற்றது. இன்று சென்னையிலும் கோவையிலும் வேறு பல நகரங்களிலும் இச்சிகிச்சை கிடைக்கிறது.

துளையை மூடும் துணி

நெசவாளர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று இங்கே உண்டு. பெரிய துளைகளை மூட டாக்டர்கள் கையாளும் பொருள்களுள் ஒன்று துணியே. 1950-களில் ஹூஸ்டன் நகரின் டாக்டர் மைக்கேல் டிபேக்கி, பழுதுற்ற இரத்தக் குழாய்க்கு மாற்றுச் செய்ய நைலான் துணி தேடிக் கடைக்குச் சென்றார். நைலான் தீர்ந்துபோயிருந்ததால் டேக்ரான் என்னும் பாலியெஸ்டர் துணியை வாங்கிவந்து, தம் மனைவியின் தையல் இயந்திரத்தில் தாமே குழாயாகத் தைத்தார். அந்த டேக்ரான் துணியே பின்னர் இருதயத் துளைக்கும் ஒட்டுத் துணியாயிற்று. தைத்த சில மாதங்களில் உடலின் திசு அதன்மேல் படர்ந்து, துணியும் சுவரும் ஒன்றாகிவிடுகின்றன.

நெஞ்சைத் திறக்காமலே மூடும் முறையும் வந்துள்ளது. தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் நுனியில் மடித்து வைத்த கம்பி வலையைத் துளையில் விரித்துவிடுகிறார்கள். நிக்கலும் டைட்டேனியமும் கலந்த அந்த உலோகக் கம்பி, மடித்தாலும் தன் பழைய உருவை மறவாமல் மீளும் தன்மையுடையது. தென் அமெரிக்காவின் பொலிவியா நாட்டில் லா பாஸ் என்ற மலை நகரம் ஏறக்குறைய 3,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வளவு உயரத்தில் பிராணவாயு குறைவாதலால், பிறந்த குழந்தைகளின் குறுங்குழாய் மூடாமல் நின்றுவிடுவது மிகுதி. அங்குள்ள குழந்தை இருதய மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபிராய்டென்தால், ஒரே இழைக் கம்பியால் பின்னிய சிறு அடைப்பானை உருவாக்கினார். அதனைப் பின்னுகிறவர்கள் யார் தெரியுமா? தலைமுறை தலைமுறையாகக் கம்பளி நெய்தும் பின்னியும் வந்த அய்மாரா பழங்குடிப் பெண்கள். தறியிலும் ஊசியிலும் பழகிய விரல்களே குழந்தைகளின் இருதயத்தையும் காக்கின்றன.

இதைக் கேட்டு ஏற்காட்டின் உயரத்தைக் குறித்து எவரும் அஞ்ச வேண்டியதில்லை. மேற்கூறிய விளைவு மிக உயர்ந்த மலைகளுக்கே உரியது. நம் மலையின் உயரம் அதில் பாதியும் இல்லை.

காரணமும் காப்பும்

இக்குறை ஏன் நேர்கிறது? பெரும்பாலான குழந்தைகளிடத்தில் தனியொரு காரணத்தைச் சுட்டிக் காட்ட இயலுவதில்லை. கிரகணத்தின்போது தாய் வெளியே வந்தாள், ஆகாததைத் தின்றாள், பாரம் சுமந்தாள் என்று பழி கூறுவது அறியாமையும் கொடுமையுமாகும். குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்க்குத் தேவை ஆதரவேயன்றி ஏச்சு அன்று.

எனினும் நம்மால் தடுக்கக்கூடிய சில காரணங்கள் உண்டு. ரூபெல்லா என்னும் அம்மை கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு வந்தால், குழந்தையின் கண், காது, இருதயம் ஆகியவை கெடும். ஆஸ்திரேலிய நாட்டுக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941-இல் இந்தத் தொடர்பை முதன்முதலில் கண்டறிந்தார். தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லாத் தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. அதன் பின்னர் இத்தடுப்பூசி குழந்தைகளுக்கு வழக்கமாகப் போடப்படுகிறது. இன்று ஒரு பெண் குழந்தைக்கு இடும் ஊசி, நாளை அவள் பெறும் குழந்தையையும் காக்கும்.

நெருங்கிய இரத்த உறவில் திருமணம் செய்வது, அதிலும் தாய்மாமனுக்கே பெண்ணைக் கொடுப்பது, இவ்வகைக் குறைகள் நேரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. சொத்தும் தறியும் குடும்பத்திற்குள்ளேயே இருக்க வேண்டும் என்னும் எண்ணத்தால் நடக்கும் திருமணங்களைக் குறித்துப் பெரியோர்கள் சிந்திக்க வேண்டும். கருத்தரிக்குமுன் நீரிழிவு நோயைக் கட்டுப்படுத்துதல், டாக்டரைக் கேளாமல் மருந்து உட்கொள்ளாமை, மதுவையும் புகையிலையையும் விலக்குதல் ஆகியவையும் இன்றியமையாதவை. வலிப்பு நோய்க்கு மருந்து உண்ணும் பெண்கள் தாமாக அதனை நிறுத்திவிடாமல் டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் எடுக்கும் ஒலியலைப் படத்தில் பெரிய குறைகள் பலவற்றைக் காண முடியும். முன்னரே தெரிந்தால், வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவத்திற்கு ஏற்பாடு செய்யலாம்.

அரசின் உதவிகள்

மத்திய அரசு 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோருக்குப் பிறவி இருதயக் குறை உள்ளிட்ட நோய்களைக் கண்டறியும் சோதனை இலவசமாக நடைபெறுகிறது. இதற்கான மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வருகின்றன. அந்நாளில் தோட்ட வேலைக்குக் குழந்தையையும் உடன் அழைத்துச் சென்றுவிடலாகாது.

2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு உரியது. ஆண்டொன்றுக்கு ஒரு குடும்பத்திற்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். குழந்தைகளின் இருதய அறுவையும் அதில் அடங்கும். கிராம நிர்வாக அலுவலர் வழியாகப் பெறும் வருமானச் சான்றையும், குடும்ப அட்டையையும், ஆதார் அட்டையையும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். நோய் வந்த பிறகு ஓடுவதைக் காட்டிலும் இன்றே பதிவு செய்துகொள்வது அறிவுடைமை.

ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இடையே 20 கொண்டை ஊசி வளைவுகள். மூச்சுத் திணறும் குழந்தையை இரு சக்கர வண்டியில் பனிக்காற்றில் கொண்டுசெல்வது தகாது. பிராணவாயு வசதியுள்ள 108 வண்டியை அழைக்க வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

நம் சங்கங்கள் நூலும் உரமும் கடனும் வழங்குவதோடு நின்றுவிடலாகாது. பின்வரும் பணிகளை ஒவ்வொரு சங்கமும் மேற்கொள்ளலாம் என்பது நம் வேண்டுகோள்.

1. பொதுக்குழுக் கூட்டம் கூடும் நாளில் கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து, மேற்கூறிய அடையாளங்களைப் பெண் உறுப்பினர்களுக்கு விளக்கச் செய்தல்.

2. ஒவ்வோர் உறுப்பினர் குடும்பத்திற்கும் காப்பீட்டு அட்டை உள்ளதா என்று செயலாளர் ஒரு பட்டியல் எடுத்து, இல்லாதவர்களுக்குப் பெற்றுத்தருதல். உறுப்பினர் பதிவேட்டை வைத்துக்கொண்டு இரண்டு நாட்களில் முடிக்கக்கூடிய வேலை இது.

3. அறுவை இலவசமாயினும், துணைக்கு இருப்பவரின் உணவும், பேருந்துக் கட்டணமும், தறி நிற்கும் நாட்களின் கூலி இழப்பும் குடும்பத்தை வாட்டும். விதிகள் இடமளிக்கும் அளவில் பொது நல நிதியிலிருந்தோ சிறு கடனாகவோ இதற்கு உதவுதல்.

4. ஒரு குடும்பம் மருத்துவமனையில் இருக்கும் காலத்தில் அவர்கள் தோட்டத்துப் பறிப்பையும், தறியில் நிற்கும் பாவையும் அண்டை உறுப்பினர்கள் முறைவைத்து முடித்துக் கொடுத்தல். இதற்குப் பணமும் வேண்டாம், விதியும் வேண்டாம், மனம் ஒன்றே போதும்.

5. சிகிச்சை முடிந்த குழந்தையைத் தடுப்பூசிக்கும் மறுசோதனைக்கும் தவறாமல் அழைத்துச் செல்லப் பெற்றோருக்கு நினைவூட்டுதல். இருதயக் குறையுள்ள குழந்தைக்குத் தடுப்பூசி கூடாது என்பது தவறான எண்ணம்; அதற்கே அது மிகவும் தேவை. பல்லில் சொத்தை விழாமல் காப்பதும் முக்கியம். கெட்ட பல்லின் கிருமி இரத்தத்தில் கலந்து இருதயத்தைத் தாக்கக்கூடும்.

உரிய காலத்தில் துளை மூடப்பெற்ற குழந்தைகளுள் பெரும்பாலோர் பள்ளி செல்வர்; விளையாடுவர்; வளர்ந்து தறியில் அமர்வர்; தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பர். உரிய காலம் என்பது மாதக்கணக்கில் அளக்கப்படுவது. அந்த மாதங்கள் அறியாமையால் கழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெற்றோருக்கு மட்டும் உரியதன்று. அண்டை வீட்டாருக்கும் சங்கத்திற்கும் உரியது. இவ்விதழைப் படித்த ஒவ்வோர் உறுப்பினரும், படிக்க இயலாத ஒரு தாய்க்காவது இச்செய்தியை எடுத்துரைப்பாராக.